டீசல் ராமில் ஆட்டோமேட்டிக் கியரைக் கையால் போடுவது: நான்கு வழிகள், அவற்றின் கணக்கு

“வண்டி 1997 டாட்ஜ் ராம் 2500, 12 வால்வு கம்மின்ஸ் இன்ஜின், ஆட்டோமேட்டிக். பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். இப்போது மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. ஃபுல் மேனுவல் வால்வு பாடி போட்டுக் கையாலேயே கியர் மாற்றினால் சரியாகிவிடுமா?”

அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப் வாங்கி டிரெய்லர் இழுப்பவர்கள், அதைக் குடைந்துகொண்டே இருப்பவர்கள் என்று பலர் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். வருடமும் மாடலும் மாறும், கேள்வி மாறாது. என் சுருக்கமான பதில்: அதை மட்டும் போட்டால் சரியாகாது. எந்த கிளட்சுக்கு எப்போது எண்ணெய் போக வேண்டும் என்று முடிவுசெய்வது வால்வு பாடி. அது மூளை. இங்கே வழுக்குவது மூளை இல்லை, பிடி. பிடியைச் சரிசெய்யாமல் மூளையை மட்டும் மாற்றினால், வழுக்கும் நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் கையால் கியர் மாற்றும் ஆசையில் தவறு ஒன்றும் இல்லை. அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. செலவும் தொல்லையும் ஒவ்வொன்றிலும் வேறு.

## கியர் பெட்டி எங்கே தோற்கிறது

1994, 95 ராம் டீசலில் வந்த ஆட்டோமேட்டிக் 47ஆர்ஹெச். 1996 முதல் 2002 வரை 47ஆர்இ. 2003இல் 48ஆர்இ. மூன்றும் பழைய கிரைஸ்லர் 727 பெட்டியின் வாரிசுகள்தான். அந்த மூன்று கியர் பெட்டியின் வாலில் ஓவர் டிரைவ் (நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் நான்காம் கியர்) ஒன்றை ஒட்டவைத்த அமைப்பு. விகிதங்கள் 2.45, 1.45, 1.00, 0.69. 47ஆர்ஹெச்சில் வேகத்தை உணர்வது பழைய பாணி இயந்திர கவர்னர். 47ஆர்இயில் அந்த வேலையை ஒரு சோலினாய்டும் சென்சாரும் செய்கின்றன. அவை கெட்டுப்போய் கியர் மாறாமல் அலைந்தவர்கள் எக்கச்சக்கம்.

இந்தப் பெட்டியைத் தயாரித்தவர்களே இதை எவ்வளவு நம்பினார்கள் என்று பாருங்கள். 1994இல் கிளட்ச் மிதிக்கும் ராமுக்கு 175 குதிரைத்திறன், 420 பவுண்ட்-அடி முறுக்குவிசை கொடுத்தார்கள். அதே இன்ஜின் ஆட்டோமேட்டிக்கோடு வந்தால் 160, 400. 1996இல் கிளட்ச் வண்டி 215க்கு ஏறியது, ஆட்டோமேட்டிக் 180இல் நின்றது. 2001இல் 505 பவுண்ட்-அடி தரும் இன்ஜினை ஆறு கியர் கிளட்ச் பெட்டியோடு மட்டுமே விற்றார்கள். டீசலைக் குறைத்துத்தான் இந்த ஆட்டோமேட்டிக்கைக் காப்பாற்றினார்கள். நாம் பம்பைத் திருகும்போது அந்தப் பாதுகாப்பைத்தான் முதலில் கழற்றுகிறோம்.

இன்னொரு விஷயம், இது பலருக்குப் பிடிபடுவதில்லை. இந்தப் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் எவ்வளவு என்பதை ஆக்சிலரேட்டரோடு இணைந்த ஒரு கேபிள் சொல்கிறது. பாதி மிதித்தால் பாதி அழுத்தம், முழுக்க மிதித்தால் முழு அழுத்தம். 180 குதிரைத்திறனுக்கு எழுதிய கணக்கு அது. டீசலைக் கூட்டிய இன்ஜின் பாதி மிதியிலேயே பழைய முழு இழுவையைக் கொடுத்துவிடுகிறது. பெட்டியோ இன்னும் பாதி அழுத்தத்தில் இருக்கிறது. “முழுசா மிதிச்சா பிடிக்குது, லேசா மிதிச்சாதான் வழுக்குது” என்று ஒருவர் குழம்பினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

குதிரைத்திறன் கணக்கிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அது கடைசியில் வரட்டும். முதலில் வண்டி என்ன வேலை செய்யப்போகிறது? வாரத்தில் ஆறு நாள் அலுவலகம் போய்விட்டு ஒரு நாள் குதிரை டிரெய்லர் இழுப்பது ஒரு வகை. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கி ஏறும் 7 சதவீத ஏற்றத்தில் 5 டன் இழுப்பது இன்னொரு வகை. மண் களத்தில் எடை வண்டியை இழுக்கும் போட்டிக்குப் போவது மூன்றாவது வகை.

அடுத்தது, ஓட்டுவது நீங்கள் மட்டுமா? மனைவியோ மகனோ நண்பரோ சாவியை எடுப்பார்களா? இந்த ஒரு கேள்வியே சில வழிகளை அடைத்துவிடும்.

மூன்றாவது இறக்கம். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய விதி. ஆட்டோமேட்டிக்கில் அந்த விதியைக் கடைப்பிடிக்கப் பெட்டி ஒத்துழைக்குமா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, கியர் மாறும்போது இன்ஜின் எங்கே விழுகிறது. டீசலின் நல்ல இழுவை ஒரு சின்ன வட்டத்துக்குள் இருப்பது. 12 வால்வு கம்மின்ஸில் 1,600 ஆர்பிஎம் பக்கம் உச்சம். 2,500இல் முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போனால், இந்த ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் சுமார் 1,480க்கு இறங்கும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் 1,725. மோசம் இல்லை.

பணம் ஐந்தாவது. கடைக்காரர் சொல்லும் விலையை விட, சொல்லாமல் விடும் விலையில் கவனம் வையுங்கள்.

## வழி 1: ஆட்டோமேட்டிக்காகவே வைத்துப் பலப்படுத்துவது

புதிய டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது), அழுத்தத்தைச் சரிசெய்யும் ஷிஃப்ட் கிட் அல்லது திருத்திய வால்வு பாடி, கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் ஒரு லாக்கப் சுவிட்ச். இவ்வளவுதான். பெட்டி டி-யில் தானாகவே கியர் மாற்றும். கையால் வேண்டுமென்றால் லீவர் இருக்கிறது: 1இல் வைத்தால் முதல் கியர் நிற்கும், 2இல் வைத்தால் இரண்டைத் தாண்டாது, ஓவர் டிரைவ் பொத்தானை அணைத்தால் மூன்றோடு நிற்கும். கையால் போடும் வசதி கொஞ்சம் ஏற்கெனவே கையில் இருப்பதைப் பலர் பயன்படுத்திப் பார்ப்பதே இல்லை.

இதில் உயிர்நாடி கன்வெர்ட்டர். கம்பெனி கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் ஒற்றைத் தகடு. பம்பைத் திருகிய வண்டிகளில் முதலில் கருகுவது பெரும்பாலும் அதுதான். சந்தையில் கிடைக்கும் மூன்று தகடு கன்வெர்ட்டர் பிடியைப் பல மடங்கு கூட்டும். கூடவே ஸ்டால் வேகமும் (வண்டி நகராமல் நிற்கும்போது முழு மிதியில் இன்ஜின் எட்டும் ஆர்பிஎம்) குறைவாக இருக்க வேண்டும். பெட்ரோல் ரேஸ் வண்டிக்கு உயர்ந்த ஸ்டால் நல்லது என்று படித்துவிட்டு அதையே டீசலுக்கும் கேட்பவர்கள் உண்டு. 1,600இல் உச்ச இழுவை தரும் இன்ஜினுக்கு 2,500 வரை வழுக்கும் கன்வெர்ட்டர் எதற்கு? எண்ணெய் காயும், டிரெய்லர் நகராது. அதற்காக ஸ்டாலை ஒரேயடியாக இறுக்கிவிட்டாலும் தொல்லைதான்: பெரிய டர்போ போட்ட வண்டி கிளம்பும்போது புகையைக் கக்கிக்கொண்டு மூச்சுத்திணறும். உங்கள் டர்போவின் அளவைச் சொல்லாமல் கன்வெர்ட்டர் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

லாக்கப் சுவிட்ச் மலிவான சுகம். ஏற்றத்தில் பூட்டிவிட்டால் வழுக்கல் இல்லை, சூடு இல்லை, எண்ணெய் தப்பிக்கும். ஆனால் பூட்டியிருக்கும்போது கன்வெர்ட்டரின் திரவ மெத்தை கிடையாது. இன்ஜினும் பெட்டியும் இரும்போடு இரும்பு. அந்த நிலையில் முழு மிதியில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் இன்புட் ஷாஃப்ட் (கன்வெர்ட்டரிலிருந்து பெட்டிக்குள் போகும் தண்டு) ஒரு நாள் முறியும். பூட்டை எடுக்க மறந்து சிக்னலில் நின்றால், கிளட்ச் மிதிக்காமல் நிறுத்திய வண்டி மாதிரி இன்ஜின் திணறி அணையும். பிரேக் மிதித்ததும் பூட்டு விடும்படி வயரிங் செய்யுங்கள். வெறும் டாகிள் சுவிட்சோடு விட்டுவிடாதீர்கள்.

வண்டியை வீட்டில் இன்னொருவரும் ஓட்டுகிறார், பாரம் இழுப்பது உண்டு, போட்டிக்குப் போவதில்லை என்றால் இந்த வழியே போதும். கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான், ஒப்புக்கொள்ளத்தான் மனம் வருவதில்லை.

## வழி 2: ஃபுல் மேனுவல் வால்வு பாடி, உள்ளே முழுக் கட்டுமானம்

ஆசை குவியும் இடம் இது. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபுல் மேனுவல் என்றால் கவர்னரின் பேச்சு இனி எடுபடாது. லீவர் எங்கே இருக்கிறதோ அந்த கியர்தான், வேகம் என்னவாக இருந்தாலும். எண்ணெய் அழுத்தமும் பெரும்பாலான வடிவமைப்புகளில் எப்போதும் உயர்ந்தே இருக்கும்; மிதிக்கும் அழுத்தத்துக்கும் உறவு இருக்காது. மேலே சொன்ன பாதி மிதி வழுக்கல் இதில் ஒழிந்துவிடும் என்பது நிஜமான லாபம். 47ஆர்இயில் இன்னொரு லாபம்: தொல்லை கொடுக்கும் கவர்னர் சோலினாய்டுக்கு வேலையே இல்லை. வண்டியின் கணினி மட்டும் அதைக் காணோம் என்று குறை விளக்கை எரியவிடும். 47ஆர்ஹெச்சில் அந்தச் சண்டையும் இல்லை.

இனி இழப்புகள். கம்பெனி வால்வு பாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தில் தவறி லீவரை 1க்கு இழுத்தாலும், கவர்னர் அழுத்தம் முதல் கியரை விழவிடாது. ஃபுல் மேனுவலில் அந்தத் தடுப்பு இல்லை. இழுத்தால் விழும். பின் சக்கரங்கள் இறுகும், உள்ளே கிளட்ச்கள் அமர்ந்திருக்கும் டிரம்கள் தாங்காத வேகத்தில் சுழலும். கிக்டவுனும் (முழுக்க மிதித்தால் தானாகக் கீழ் கியருக்கு இறங்குவது) கிடையாது. மூன்றில் வந்து சிக்னலில் நின்று, லீவரைத் திருப்ப மறந்து, பச்சை விழுந்ததும் மூன்றிலேயே கிளம்பினால் வண்டி நகரத்தான் செய்யும். மொத்தச் சுமையையும் கன்வெர்ட்டர் சூடாக விழுங்கிக்கொள்ளும். டிரெய்லரோடு இதை நான்கு சிக்னலில் செய்தால் எண்ணெயில் கருகல் வாடை வந்துவிடும். கிளட்ச் வண்டியில் இந்த மறதியை இன்ஜின் அணைந்தே காட்டிக்கொடுக்கும், இங்கே சத்தமே வராது.

லீவரின் வரிசையையும் கேட்டு வாங்குங்கள். சில வால்வு பாடிகளில் நியூட்ரலுக்கு அடுத்த இடமே முதல் கியர், பிறகு இரண்டு, மூன்று. தலைகீழ் வரிசை என்பார்கள். விசித்திரமாகத் தெரியும், ஆனால் பாதுகாப்பானது அதுதான். வழக்கமான வரிசையில் இரண்டிலிருந்து மூன்றுக்கு வேகமாகத் தள்ளும்போது கை நழுவினால் லீவர் நியூட்ரலில் போய் விழும். முழு மிதியில் சுமையற்ற டீசல் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைகீழ் வரிசையில் மேல் கியருக்குப் போகும் ஒவ்வொரு அசைவும் நியூட்ரலை விட்டு விலகியே போகிறது. ஸ்டியரிங் பக்கத்து லீவரில் இதைப் பழகச் சில வாரங்கள் ஆகும். மறுநாள் வேறு வண்டி எடுத்தால் கை குழம்பும்.

முதல் கியருக்கு ஒரு தனிக் கதை உண்டு. 727 குடும்பத்தில் டி-யில் முதல் கியரைப் பிடித்திருப்பது முன் கிளட்சோ பேண்டோ (டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டை) இல்லை. பின் கிளட்சும், ஒரு பக்கம் மட்டுமே சுழலும் உருளைக் கிளட்சும்தான். பட்டறையில் ஸ்ப்ராக் என்பார்கள். லீவரை 1இல் வைத்தால் மட்டும் பின் பேண்டும் சேர்ந்து பிடிக்கும். இழுவை உச்சத்தில் இருக்கும்போது ஸ்ப்ராக் கைவிட்டால், பேண்ட் பிடிப்பும் இல்லாத நிலையில், முன் டிரம் இன்ஜினை விடப் பல மடங்கு வேகத்தில் சுழன்று வெடிக்கும். 727 போட்ட பெட்ரோல் ரேஸ் வண்டிகளில் தரையைப் பிளந்துகொண்டு துண்டுகள் மேலே வந்த கதைகள் இப்படித்தான் பிறந்தன. 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டாத டீசலில் ஆபத்து குறைவு. ஆனால் டீசல் பம்பின் கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றி 4,000 வரை சுற்றவிடுபவர் “குறைவு” என்ற சொல்லை நம்பி உட்காரக் கூடாது. முதல் கியரில் பின் பேண்டையும் பிடிக்கவைக்கும் வால்வு பாடியைக் கேளுங்கள். ஸ்ப்ராக்கைப் போல்ட் போட்டு இறுக்கும் வகையாக மாற்றுங்கள். போட்டிக்குப் போகிறவர்கள் பெட்டிக்குக் கவசமும் போடுவார்கள். பின் பேண்ட் பிடித்திருந்தால் முதல் கியரில் இன்ஜின் பிரேக்கும் கிடைக்கும், செங்குத்து இறக்கத்தில் உதவும்.

உள்ளே என்னென்ன மாற்ற வேண்டும்? கன்வெர்ட்டர், வழி 1இல் சொன்னதேதான், விலக்கு கிடையாது. அடுத்தது இன்புட் ஷாஃப்ட். நகரத் தொடங்கும் கணத்தில் கன்வெர்ட்டர் இன்ஜினின் முறுக்குவிசையைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது. 700 பவுண்ட்-அடி இன்ஜின் என்றால் ஷாஃப்ட் மீது விழுவது 1,400 பக்கம். கம்பெனி ஷாஃப்ட் அதற்குப் பிறந்ததில்லை. பிறகு இரண்டாம் கியர். அதைப் பிடிப்பது முன் பேண்ட் ஒன்றே. அந்தப் பேண்டை அழுத்தும் லீவர், முட்டுக்கட்டை, மறுமுனையில் தாங்கும் ஆங்கர் ஆகிய மூன்றும் உயர்ந்த அழுத்தத்தில் வளையும், சில சமயம் உடையும். திட இரும்பில் கடைந்த பாகங்கள் கிடைக்கின்றன, போட்டுவிடுங்கள். கிளட்ச் தகடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், 48ஆர்இயின் கனமான உள்பாகங்களை 47க்குள் இறக்குவதும் வழக்கமான வேலைகளே.

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் நொடி இந்தப் பெட்டியின் பலவீனமான கணம். ஒரே டிரம்மை வெளியே பேண்ட் பிடித்திருக்கிறது, உள்ளே முன் கிளட்ச் பிடிக்கப்போகிறது. பேண்ட் விடுவது ஒரு இமை தாமதமானால் இரண்டும் சண்டை போடும், சீக்கிரமானால் இன்ஜின் கத்திவிட்டு அடங்கும். நல்ல வால்வு பாடிக்கும் மலிவு வால்வு பாடிக்கும் வித்தியாசம் இந்த இமை நேரத்தில்தான். அதனால், வால்வு பாடியை ஒருவரிடமும் பேண்ட் லீவரை இன்னொருவரிடமும் வாங்கிச் சேர்க்காதீர்கள். லீவரின் விகிதம் மாறினால் இந்த நேரக் கணக்கும் மாறிவிடும். நான் ஒருமுறை அப்படிச் சேர்த்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் பேண்ட் காகிதம் போலத் தேய்ந்து வெளியே வந்தது. யாரையும் குறை சொல்ல முடியவில்லை, இரண்டு பாகமும் தனித்தனியே நல்ல பாகம்தான்.

ஓவர் டிரைவும் லாக்கப்பும் லீவரில் இல்லை. இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் வேண்டும். ஆக மூன்று கியர், இரண்டு சுவிட்ச், எல்லாம் உங்கள் கையில். களத்தில் இழுப்பவர்களுக்கும், ஒரே ஆள் ஓட்டும் விளையாட்டு வண்டிக்கும் இது அற்புதம். கியர் மாறும்போது மிதியை எடுக்க வேண்டியதில்லை, டர்போ அழுத்தம் விழுவதில்லை, அடி மாதிரி கியர் விழும். நகர நெரிசலில் அதே அடி முதுகில் விழுவது போல இருக்கும்.

நடுவழி ஒன்றும் உண்டு. டி-யில் தானாக மாறும், 1இலும் 2இலும் வைத்தால் சொன்ன கியரைப் பிடித்துக்கொள்ளும் வால்வு பாடிகள். “கையால் வேண்டும், ஆனால் எப்போதும் வேண்டாம்” என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

## வழி 3: அலிசன் 1000க்கு மாறி, பொத்தானில் கியர் போடுவது

சென்னை ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும், ஆட்டோமேட்டிக் பெட்டி செய்யும் அதே அலிசன் கம்பெனிதான். அதன் 1000 பெட்டி ஜெனரல் மோட்டார்ஸ் டுராமேக்ஸ் டீசல் பிக்கப்களில் 2001 முதல் ஐந்து கியராக வந்தது, 2006இல் ஆறு கியர் ஆனது. விகிதங்கள் 3.10, 1.81, 1.41, 1.00, 0.71, ஆறாவது 0.61. முதல் கியர் 3.10 என்பது டிரெய்லரோடு கிளம்பும்போது 2.45ஐ விட எவ்வளவு சுகம் என்று இழுத்துப் பார்த்தவருக்குத் தெரியும். உள்ளே பேண்ட் கிடையாது, எல்லாமே கிளட்ச். தனிக் கணினி ஒன்று வழுக்கலை அளந்துகொண்டே இருக்கும். வழுக்கினால் தன்னைக் காத்துக்கொள்ள முடங்கிப்போகும். டுராமேக்ஸ்காரர்கள் டியூன் போட்டதும் “லிம்ப் மோட்” என்று புலம்புவது இதனால்தான். அதாவது அலிசனும் கம்பெனியிலிருந்து வந்தபடியே எதையும் தாங்கும் இரும்பு மனிதன் இல்லை. பெரிய சக்திக்கு அதையும் திறந்து கட்ட வேண்டும்.

கம்மின்ஸுக்குப் பின்னால் இதைப் பொருத்த அடாப்டர் தட்டு, தனிக் கணினி, மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினில் மிதி நிலையைச் சொல்லும் சென்சார், குறுக்குச் சட்டத்தில் மாற்றம், புது அளவில் டிரைவ் ஷாஃப்ட், நான்கு சக்கர டிரைவ் வண்டி என்றால் முன் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வேறு இணைப்பு எல்லாம் தேவை. பெட்டியின் விலையைக் கேட்டு மகிழ்ந்தவர் இந்தப் பட்டியலின் பாதியில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு கிடைப்பது: தவறான கியரை மறுக்கும் மூளை, பொத்தானில் கியர், நெடுஞ்சாலையில் நிதானமான ஆறாவது கியர். வருடம் முழுக்கக் கனமான பாரம் இழுத்துச் சம்பாதிக்கும் வண்டிக்குச் செலவு திரும்பி வரும். வார இறுதி வண்டிக்கு வராது.

## வழி 4: கிளட்ச் பெட்டிக்கே போய்விடுவது

கையால்தான் கியர் மாற்ற வேண்டும் என்றால், அதற்கென்றே பிறந்த பெட்டி இருக்கிறதே? நியாயமான கேள்வி. 1994 முதல் 2002 வரையிலான ராம் டீசலில் வந்தவை இரண்டு: ஐந்து கியர் என்வி4500, 1999 முதல் ஆறு கியர் என்வி5600.

என்வி4500இன் முதல் கியர் 5.61. மரத்தை வேரோடு இழுக்கலாம். ஆனால் அடுத்தது 3.04, அதற்கடுத்தது 1.67. 2,500இல் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் இன்ஜின் 1,370 பக்கம் விழுகிறது. கிளட்ச் மிதித்த நேரத்தில் டர்போ அழுத்தமும் வடிந்துவிடும். ஏற்றத்தில் பாரத்தோடு இந்த இடைவெளியைத் தாண்டுவது பொறுமைக்குச் சோதனை. டீசலின் அதிர்வில் ஐந்தாம் கியரைப் பிடித்திருக்கும் நட்டு கழன்று, ஒரு நாள் ஐந்தாம் கியரே காணாமல் போவது இந்தப் பெட்டியின் பிரபலமான நோய். சரிசெய்ய வழி இருக்கிறது, வாங்கும்போதே கேளுங்கள்.

என்வி5600இல் அந்த இடைவெளிகள் அழகாக அடைபட்டிருக்கின்றன: 5.63, 3.38, 2.04, 1.39, 1.00, 0.73. எடை மட்டும் 160 கிலோ பக்கம். ஜாக் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிவிட்டதால் நல்ல பெட்டியும் உள்பாகமும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வண்டியை இப்படி மாற்றப் பெடல் தொகுதி, கிளட்ச் ஹைட்ராலிக், ஃப்ளைவீல், பெல் ஹவுசிங், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் சேரும். ஸ்பிளைன் பொருந்தாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் இன்புட்டையும் மாற்ற நேரலாம். பழைய கிளட்ச் வண்டி ஒன்றை முழுசாக வாங்கிப் பிரித்தால் தலைவலி பாதி. கூட்டிய சக்தியைக் கம்பெனி கிளட்ச் தாங்காது. இரட்டைத் தகடு வேண்டும். நெரிசலில் அந்த பெடலை மிதிக்கும் இடது காலை நினைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் இதற்கு இணை இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து இன்ஜினையே பிரேக் ஆக்குவது) போட்டால், போட்ட கணத்திலிருந்து வேலை செய்யும்.

## ஒரே பார்வையில்

| | பலப்படுத்திய ஆட்டோ | ஃபுல் மேனுவல் | அலிசன் 1000 | என்வி4500 / 5600 |
|---|---|---|---|---|
| அன்றாட ஓட்டம் | நன்று | சலிப்பு | மிக நன்று | பழகினால் சரி |
| பாரத்தோடு கிளம்புதல் | நன்று | நன்று | மிக நன்று | கிளட்ச் தேயும் |
| கியர் மாறும்போது டர்போ அழுத்தம் | நிற்கும் | நிற்கும் | நிற்கும் | வடியும் |
| இறக்கம் | கூடுதல் வேலை தேவை | வால்வு பாடியைப் பொறுத்தது | நன்று | மிக நன்று |
| ஓட்டுநரின் தவறு | பொறுக்கும் | பொறுக்காது | மறுத்துவிடும் | அணைந்து காட்டும் |
| பிறர் ஓட்டலாமா | ஆம் | வேண்டாம் | ஆம் | கிளட்ச் தெரிந்தவர் |
| எதிர்பாராத செலவு | கூலர், ஃப்ளெக்ஸ் பிளேட் | ஷாஃப்ட்கள், பேண்ட் பாகங்கள் | கணினி, அடாப்டர்கள் | பெடல் முதல் டிரைவ் ஷாஃப்ட் வரை |

## பில்லில் வராத செலவுகள்

வலுவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் உடையும் இடம் நகர்கிறது. இன்புட் ஷாஃப்ட்டை மாற்றினால் அடுத்த அடி அவுட்புட் ஷாஃப்ட்டுக்கு, பிறகு யு-ஜாயிண்ட்டுக்கு, பிறகு ஆக்சிலுக்கு. கன்வெர்ட்டரை இன்ஜினோடு கோக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் கம்பெனியில் மெல்லிய தகடு; மூன்று தகடு கன்வெர்ட்டர் போடும் அன்றே அதையும் மாற்றாவிட்டால், அதற்காக மறுபடி பெட்டியை இறக்கும் கூலி தனி. மூன்று தகடு கன்வெர்ட்டர் நான்கு இலக்க டாலர். கன்வெர்ட்டர், வால்வு பாடி, ஷாஃப்ட்கள் என்று முழுக் கட்டுமானம் 5,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். “வால்வு பாடிதானே” என்று ஆரம்பித்தவர்கள் இங்கே வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸாஸ்ட் பிரேக் ஒரு பொறி. மிதியை விட்டால்தான் அது வேலை செய்யும். மிதியை விட்டால் கம்பெனி அமைப்பில் எண்ணெய் அழுத்தமும் கீழே விழும். அழுத்தம் அடிமட்டத்தில் இருக்கும்போது வண்டியின் மொத்த எடையும் கிளட்ச்களைத் திருப்பி முறுக்குகிறது. மூன்றாம் கியரில் அந்தத் திருப்பு விசையைத் தாங்குவது ஓவர் டிரைவ் பகுதிக்குள் சுமார் 800 பவுண்ட் விசையுள்ள ஒரு பெரிய ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் கிளட்ச். அந்தப் பகுதியைத் தெரியாத கையோடு பிரிக்கக் கூடாது என்பதற்கும் இந்த ஸ்பிரிங்தான் காரணம். ஆட்டோமேட்டிக்கில் எக்ஸாஸ்ட் பிரேக் வேண்டுமென்றால், அழுத்தத்தை உயர்த்தி வைக்கும் ஏற்பாடும் லாக்கப்பும் சேர்ந்தே வர வேண்டும்.

அப்புறம் சூடு. வெப்பமானியை ஆயில் பேனில் மட்டும் வைத்தால் அது நல்ல செய்தி மட்டுமே சொல்லும். கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் வையுங்கள், உண்மை அங்கே ஓடுகிறது. இன்னொரு சின்ன விஷயம்: இந்தக் குடும்பத்துப் பெட்டிகள் கம்பெனி நிலையில் பார்க்கில் நிற்கும்போது கன்வெர்ட்டருக்கும் கூலருக்கும் எண்ணெய் அனுப்பாது. ஏற்றம் ஏறி வந்து பார்க்கில் போட்டுவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் ஆறுகிறது என்று நினைப்போம், ஆறாது. நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். நல்ல வால்வு பாடிகள் இந்தக் குறையைச் சரிசெய்தே வருகின்றன.

## ஆர்டர் கொடுப்பதற்கு முன்

எந்த வழி என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாலும், வழுக்குவது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. காலியான நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில், ஓவர் டிரைவில், லாக்கப் பூட்டிய நிலையில் போங்கள். லாக்கப் விடாத அளவுக்கு மெதுவாக மிதியைக் கூட்டுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறினால் ஏதோ வழுக்குகிறது. இப்போது ஓவர் டிரைவை அணைத்து, மூன்றாம் கியரில் லாக்கப் பூட்டியபடி அதையே மறுபடி செய்யுங்கள். மூன்றில் பிடித்து நான்கில் மட்டும் வழுக்கினால் ஓவர் டிரைவ் கிளட்ச். இரண்டிலும் வழுக்கினால் முதல் சந்தேகம் கன்வெர்ட்டரின் லாக்கப் மேல். இரண்டாம் கியரில் மட்டும் இன்ஜின் கத்தினால் முன் பேண்ட். அதன் திருகு பெட்டியின் இடது பக்கம் வெளியிலேயே இருக்கிறது, சில சமயம் அரை மணி நேர அட்ஜஸ்ட்மெண்டில் வேலை முடிந்துவிடும்.